பட்டியலில் உன் பெயர் இருந்தது

மகனே,

செவ்வாய்க்கிழமை நீ மறுபடியும் கட்டாருக்குப் போகிறாய். பெட்டி கட்டியாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை உன் கூட்டாளி யூட் வந்து வாசல் படலையடியில் நின்றபடியே, சிறு தொழில் செய்கிறவர்களுக்கு அரசாங்கம் இந்த வருடமும் மானியம் கொடுக்கப் போகிறது, படிவம் பிரதேச செயலகத்தில் வாங்கலாம் என்று சொன்னான். நீ சிரித்தாய். "எங்களுக்கெல்லாம் தரமாட்டாங்களடா. ஒருக்காக் கேட்டுப் பட்டது போதும்" என்றாய். நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதே வெளியே வந்து சொல்லியிருக்க வேண்டும். அடுப்பில் எதுவும் இல்லை, ஆனாலும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உனக்கு அரசாங்கம் தராமல் விடவில்லை. ஐந்து வருடங்களுக்கு முன் நீ கேட்டதை அவர்கள் தருவதாகத்தான் இருந்தார்கள். பட்டியலில் உன் பெயர் இருந்தது. அதை எடுப்பித்தது நான்.

இதை உனக்கு மட்டும் எழுதி மடித்துத் தரலாம்தான். ஆனால் இந்த விஷயத்தில் நாம் இருவருமாகச் சேர்ந்து ஒரு பெண்ணை ஊரறியத் தலைகுனிய வைத்தோம். ஊரறியச் செய்ததை அறைக்குள் வைத்துத் திருத்த முடியாது. அதனால் எல்லோரும் வாசிக்கட்டும் என்று பத்திரிகைக்கே எழுதுகிறேன். மற்றவர்களுக்கு முதல் நீ வாசிக்க வேண்டும் என்பதற்காக இதன் பிரதியை உன் கடவுச்சீட்டோடு வைத்திருக்கிறேன்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்பது உனக்குத் தெரியும். கடலை சுற்றிவந்த கடதாசியையும் விரித்து வாசித்துவிட்டு எறிகிறவள். பள்ளிக்கூடத்தில் கட்டுரை என்றால் எனக்குத்தான் பரிசு. இடப்பெயர்வில் உயர்தரப் பரீட்சை எழுதாமல் போனது. படித்த படிப்பு எங்கே போவது என்று தெரியாமல், என் கையெழுத்து அழகில் போய் இறங்கிக்கொண்டது. நம் ஊரான மண்கும்பானில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் நம் வீட்டுக்குத்தான் வரும். மாதர் சங்கத்தில் பதினான்கு வருடம் நான்தான் செயலாளர். படிவத்தில் ஒரு வரியும் விடாமல் வாசித்து, அடிக்குறிப்பையும் வாசித்து, எந்தப் பெட்டிக்குள் என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பேன். அச்சடித்து வருகிற எதையும் நான் மரியாதையோடு நம்பினேன். அது என் சுபாவம்.

அந்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்ந்தது. ஒரு வருடம் தையல் மெஷின் வருடம். தைக்கத் தெரிந்தவளுக்கும் மெஷின், தெரியாதவளுக்கும் மெஷின், தைப்பிக்கத்தான் ஊரில் ஆளில்லை. இன்னொரு வருடம் கோழி வருடம். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அப்போது ஓ.எல். பரீட்சை வகுப்பு. வீட்டுக்கு இருபது குஞ்சு, எங்கேயோ குளிரூரில் பொரித்தவை. நம் உப்புக்காற்றில் பத்து நாள்தான் தாங்கின, எல்லாம் செத்துப்போயின. அதற்குப் பிறகு அலுவலகத்திலிருந்து கோழிகளைப் படம் எடுக்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. சங்கத்தில் ஒரே கலவரம். கடைசியில் நம் வீட்டு ஊர்ச்சேவலையும் நான்கு பேடுகளையும் ஒரு கூடைக்குள் போட்டு, வாகனம் முன்வீட்டில் நிற்கும்போது பின்வேலியால் அடுத்த வீட்டுக்குக் கடத்தினோம். ஐந்து வீட்டுப் படத்திலும் ஒரே சேவல். "அக்கா, உங்கட சேவலுக்கு ஒரு அடையாள அட்டை எடுத்து விடுங்கோ, அடுத்த வருசம் தனிய விண்ணப்பிக்கட்டும்" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்ல எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அறிக்கையை எழுதியது நான். 'பயனாளிகள் சிறப்பாகப் பராமரித்து வருகின்றனர்' என்று எழுதினேன். பொய்யை அழகான தமிழில் எழுதலாம் என்று நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஆகவே நீ எப்போதாவது மறுபடியும் இப்படி ஒன்றைக் கேட்கப் போனால், இந்த வருடம் உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போகாதே. ஆடு இருக்கிறது என்பார்கள், நீயும் ஆட்டோடு வருவாய். உனக்கு என்ன வேண்டும் என்று முதலில் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் இந்த ஊரில் அதைத் தெரிந்துகொண்டு போன ஒரேயொரு ஆள் நீதான்.

நீயும் யூட்டும் போட்ட திட்டத்தில் நான் ஒரு பிழையும் காணவில்லை. அவன் அல்லைப்பிட்டியில் தன் தகப்பனின் படகில் போகிறவன். மீன் மலிந்த நாட்களில் நெத்தலியையும் கட்டாவையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வருகிற வயிற்றெரிச்சல் அவனுக்கு. நம் வளவோ கடற்கரைப் பக்கமாக வெறும் காணியாகக் கிடந்தது. மீனை மணலில் பரப்பிக் காயவைத்தால் தூசி படும், இலையான் மொய்க்கும். அதனால் மேலே பொலித்தீன் போர்த்த உலர்த்தும் கூடாரம், உள்ளே வலைத் தட்டுகள், பைகளை ஒட்டுகிற மெஷின். பாதிச் செலவு உங்களுடையது, பாதி மானியம். மூன்று கடைகளில் விலைமனு எடுத்து வந்தாய். காய்ந்த மீன் எவ்வளவு எடை குறையும் என்று நாலு கிழமை நிறுத்து எழுதி வைத்திருந்தாய். அந்தக் கொப்பியை அலுவலகத்தில் பார்த்த அபிவிருத்தி உத்தியோகத்தர், நாங்கள் மிஸ் என்று கூப்பிடுகிற அந்தப் பெண், "இப்பிடி ஒருத்தரும் எழுதிக்கொண்டு வாறேல்லை தம்பி" என்றாராம். பிறகு வளவைப் பார்க்க வந்து, வெயிலில் நின்று தானே அளவுநாடா பிடித்து அளந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தபோது, "அம்மா, இவற்ர பேர் கட்டாயம் வரும். அடுத்த கிழமை பட்டியல் ஒட்டுவம்" என்றார்.

நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் பயந்தேன். அந்தக் கிழமைதான் உன் அக்காவின் கல்யாணச் சம்பந்தம் முடிவாகும் நிலையில் இருந்தது. அப்பா இல்லாத வீட்டில் மூன்று வருடம் பேசிப் பேசி, சாதகம் பொருந்தி, கனடா மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் மாமி வேலணையில் இருந்தார். அவர்தான் இங்கே எல்லாம் விசாரிக்கிறவர். இரண்டு தரம் வீட்டுக்கு வந்தார். இரண்டாம் தரம் கதிரையில் இருந்துகொண்டு மெல்லக் கேட்டார்.

"மகன் என்ன செய்யிறார்?"

"அவர் ஒரு பிஸ்னஸ் தொடங்கப் போறார்."

"நல்லது. என்ன பிஸ்னஸ்?"

"ஏற்றுமதி" என்றேன்.

அவர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "இந்தப் பக்கம் ஆரோ கருவாடு போடப் போயினமாம் எண்டு வழியில கதை. நான் நினைச்சன், அது அங்கால அந்த ஆக்களாயிருக்கும் எண்டு."

"ஓம், அவையளாத்தான் இருக்கும்" என்றேன்.

மகனே, நீ இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தாதே. நாங்கள் தோட்டம் செய்கிற ஆட்கள், அவர்கள் கடலுக்குப் போகிற ஆட்கள் என்று யாரும் எனக்குப் புத்தகத்தில் சொல்லித் தரவில்லை. புத்தகத்தில் வாசித்ததெல்லாம் அதற்கு எதிரானது. எல்லாம் சமம் என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள் நான். ஆனால் யூட் வந்தால் நான் எடுப்பது பிளாஸ்ரிக் கோப்பையை. நீ ஒருநாள் அவன் கோப்பையை எடுத்து நீ குடித்துவிட்டு, உன் சில்வர் கோப்பையை அவன் பக்கம் தள்ளினாய். எனக்கு விளங்கியது, விளங்காதவள் போல உள்ளே போனேன். பட்டியலை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள், அதில் பெயருக்குப் பக்கத்தில் தொழிலும் இருக்கும். படலையில் 'கருவாடு உற்பத்தி' என்று உன் பெயரோடு பலகை அடிப்பார்கள், அதில் என் கணவரின் பெயரும் முதலெழுத்தாக நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் அதற்குக் கீழால்தான் உள்ளே வர வேண்டும். மூன்று நாள் என் மண்டைக்குள் அந்தப் பலகைதான்.

நான்காம் நாள் உனக்குச் சொல்லாமல் வேலணைப் பிரதேச செயலகத்துக்கு பஸ் ஏறினேன்.

"மகனுக்கு இது வேண்டாமாம், மிஸ்."

"ஏனம்மா? முந்தநாளும் போன் எடுத்து, தட்டுக்குத் தடி வெட்டியாச்சு எண்டு சொன்னவரே?"

"வெளிநாடு போகப் பாக்கிறார்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "உண்மையைச் சொல்லுங்கோ."

சொன்னேன். சொல்லும்போது அழுதேன், அதுவும் உண்மைதான். அவர் கேட்டுவிட்டு, விண்ணப்பித்தவரே கையெழுத்து வைத்துக் கடிதம் தந்தாலன்றித் தன்னால் ஏலாது என்றார். மறுநாள் கடிதத்தோடு போனேன். உன் எழுத்தே என் எழுத்தைப் பார்த்துப் பழகியதுதான், உன் கையெழுத்தை வைக்க எனக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. அவர் கடிதத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இது அவற்ர கையெழுத்தோ?"

"ஓம்."

"இதை நான் எடுக்கக் கூடாதம்மா. எடுத்தால் நானும் பிழைகாரி."

"பொம்பிளைப் பிள்ளையின்ர வாழ்க்கை, மிஸ். உங்களுக்கும் ஒரு பெட்டை இருக்கெல்லே."

அந்த வார்த்தையை நான் யோசித்துத்தான் சொன்னேன். அவருடைய மேசையில் சின்னப் பெண்ணின் படம் இருந்ததை முதல் நாளே பார்த்திருந்தேன். அவர் கடிதத்தை பைலுக்குள் வைத்தார். "அவருக்கு நீங்களே சொல்லிப்போடுங்கோ. நான் சொல்லமாட்டன்" என்றார். கல்யாணம் முடிந்த கையோடு சொல்லுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பட்டியல் ஒட்டினார்கள். உன் இடத்தில் வேறொருவர். நீ அலுவலகத்துக்குப் போய், வரிசையில் நின்ற அத்தனை சனத்துக்கும் முன்னால் அவரைப் பார்த்து, "எவ்வளவு வாங்கினனீங்கள்?" என்று கத்தினாய். அவர் பதிலுக்கு ஒன்றுதான் சொன்னார். அதை நீ வீட்டுக்கு வந்து கொதித்துக்கொண்டு என்னிடம் சொன்னாய்: "என்ன திமிர் பாத்தியளே அம்மா! 'தம்பி, வீட்டை போய்க் கேளும்' எண்டு நக்கல் அடிக்கிறா!"

நீ என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாய். நான் வேறு பக்கம் திரும்பவும் இல்லை.

பிறகு வந்தது பெட்டிசம், முறைப்பாட்டு மனு. நம்முடைய ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஒன்று சரிவரவில்லை என்றால் நேரே போய் ஏன் என்று கேட்டு அறிய மாட்டோம், மேலிடத்துக்குப் பெட்டிசம் போடுவோம். ஊரில் பாதிப் பெட்டிசங்களை எழுதியவள் நான்தான், அதனால் எனக்குத் தெரியும். நீ கொப்பியைக் கொண்டுவந்து வைத்து, "நான் சொல்லச் சொல்ல எழுதுங்கோ" என்றாய். நீ கோபத்தில் கொட்டியதை நான் நல்ல தமிழாக்கினேன். 'கைலஞ்சம்' என்பது நீ சொன்னது. 'பக்கச்சார்பு' என்ற சொல் நீ சொல்லாதது, அதை நானாகவே சேர்த்தேன், வசனத்துக்கு அது பொருத்தமாக இருந்தது. எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு தடவை நிறுத்தினேன். "என்னம்மா?" என்றாய். "பேனை எழுதுதில்லை" என்றேன். நீ வேறு பேனை எடுத்துத் தந்தாய். ஒன்றரைப் பக்கம். நான்கு இடத்துக்குப் பிரதி.

விசாரணை வைத்தார்கள். மிஸ் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அவர் காட்டவில்லை. விண்ணப்பம் தன் கவனக்குறைவால் விடுபட்டது என்று எழுதிக் கொடுத்தார். அவரைக் கடல் தாண்டி நெடுந்தீவுக்கு மாற்றினார்கள். நீ அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "பாத்தியளே அம்மா, எழுத்துக்கு ஒரு பலம் இருக்கு" என்றாய். இரண்டு மாதத்தில் கட்டாருக்குப் போனாய். யூட் நெத்தலியை இன்னும் கிடைத்த விலைக்குத்தான் தள்ளுகிறான்.

அக்காவின் கல்யாணம் நல்லபடி நடந்தது. அவள் கனடாவுக்குப் போய் நான்காம் மாதம் போனில் சிரித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, இவர் வேலையால வந்தா ஜக்கெற்றைக் கராஜுக்குள்ளதான் கழட்ட வேணும். மீன் பக்டரியெல்லே, வெடுக்கு மணம் உள்ளுக்க வந்திடும்." அவள் கணவர் நல்ல மனிதர், உழைப்பாளி. என்னைப் போல ஒருத்தி அங்கே அவருக்கு இல்லாதபடியால் அவர் தன் தொழிலை ஒளிக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு சொல்லுகிறேன் என்று கொடுத்த வாக்கை நான் நிறைவேற்றவில்லை. முதலில் நீ ஊரில் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். பிறகு போனில் சொல்லுகிற விஷயம் அல்ல என்று. பிறகு லீவில் வந்திருக்கிற பிள்ளையின் மனதைக் குழப்பக்கூடாது என்று. காரணம் எழுதுவது எனக்கு எப்போதும் கைவந்த வேலை.

யூட் வந்து போன மறுநாள், திங்கட்கிழமை, கோயிலுக்குப் போகிறேன் என்று உனக்குச் சொல்லிவிட்டுக் குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகு ஏறினேன். அன்றைக்குக் கடல் நல்லதில்லை. படகின் விளிம்பில் குனிந்து இரண்டு முறை சத்தி எடுத்தேன். இந்த வழியால் அந்தப் பெண் ஐந்து வருடமாகப் போய் வருகிறார். அலுவலகத்தில் என்னைக் கண்டதும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எழும்பவில்லை, இருங்கோ என்று கதிரையைக் காட்டினார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். நல்ல வசனங்களைப் படகிலேயே யோசித்து வைத்திருந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பெட்டிசத்தைப் பாத்த உடன தெரிஞ்சது அம்மா, அது உங்கட எழுத்து எண்டு."

"அப்ப ஏன் பிள்ளை அந்தக் கடிதத்தைக் காட்டேல்லை?"

"காட்டினால் அவற்ர கையெழுத்தை நீங்கள் வைச்சது வெளியில வரும். எடுத்தது நான் எண்டதும் வரும். அதைவிட, சொல்லமாட்டன் எண்டு சொன்னனான்." பிறகு சொன்னார்: "அஞ்சு வருசமா மாற்றம் கேக்கிறன். ஒவ்வொருக்காலும் பைலைத் திறந்தா அந்தப் பெட்டிசம் மேல கிடக்கு. என்ர பெட்டை பள்ளிக்கூடம் விட்டு வந்து இருண்டாப்போலதான் என்னைக் காணுறாள்."

"நான் என்ன செய்ய வேணும்?"

"மன்னிப்பை வைச்சு நான் என்ன செய்யிறது அம்மா? எழுதின கையால ஒண்டு எழுதுங்கோ. எங்க எழுதினீங்களோ, அந்த நாலு இடத்துக்கும்."

பிறகு அவரே என்னை எச்சரித்தார். கள்ளக் கையெழுத்து என்று வந்தால் என்னை விசாரிப்பார்கள். கடிதத்தை எடுத்ததற்குத் தானும் பதில் சொல்ல வேண்டி வரும், அது பரவாயில்லை. ஆனால் உன் பெயரும் அதில் இழுபடும். இந்த வருடம் நீ விண்ணப்பித்தால், விசாரணை முடியும்வரை உன் படிவத்தைத் தள்ளி வைக்கவும் கூடும். "யோசிச்சுச் செய்யுங்கோ. மகனோடயும் கதையுங்கோ" என்றார்.

திரும்பி வருகிற படகில் யோசித்தேன். உன்னோடு கதைத்தால் நீ என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய். "விடுங்கோ அம்மா, நடந்தது நடந்திட்டு" என்பாய். உன்னை எனக்குத் தெரியும். நானும் விட்டுவிடுவேன். என்னையும் எனக்குத் தெரியும். அதனால் புதன்கிழமை நான்கு கடிதங்களையும் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடி, அலங்காரம் இல்லாமல், முக்கால் பக்கத்தில். அன்றைக்கும் உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தில் கைவைத்தேன், இன்றைக்கும் உன்னைக் கேட்கவில்லை. இதற்காக நீ என் மேல் கோபப்பட்டால் அது நியாயம்.

உனக்குச் சொல்லக்கூடிய புத்திமதி என்னிடம் அதிகம் மிச்சமில்லை. படிவம் வாங்கினால் உன் கையாலேயே நிரப்பு, என்னிடம் கொண்டுவராதே. கொடுத்த கடதாசி ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதியும், வாங்கியதாக ஒரு கையெழுத்தும் வைத்துக்கொள். பெயர் விடுபட்டால் பெட்டிசம் எழுத முதல், பைலைக் காட்டச் சொல்லி மரியாதையாகக் கேள். யாராவது அதிகாரி "வீட்டை போய்க் கேளும்" என்று சொன்னால், வீட்டுக்குப் போய்க் கேள். காணி உன் பெயரில் இருக்கிறது, படலையில் எந்தப் பலகையை அடிப்பது என்பது இனி உன் விருப்பம்.

இந்த வருடம் உனக்குக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. நான் எழுதிப் போட்ட கடிதத்தாலேயே கிடைக்காமலும் போகலாம். நில் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, போ என்று சொல்ல மனமுமில்லை. போவதென்றால் போ. ஆனால் அரசாங்கம் தரவில்லை என்று யூட்டிடம் சொல்லிவிட்டுப் போகாதே. அம்மா வாங்க விடவில்லை என்று சொல்லிவிட்டுப் போ.

உன் அம்மா